குடியரசு நாளும் செய்ந்நன்றியும்

ஜனவரி 26-ஆம் நாள் காலையில், சென்னைக் கடற்கரையில் இருள் இன்னும் முழுதும் விலகாத வேளையில், நம் தீவுகளில் வெளிச்சம் பரவிவிடுகிறது. நாடு முழுவதற்கும் கடிகாரம் ஒன்றே. கதிரவன் அக்கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. சென்னையில் தலைகாட்டுவதற்கு ஏறத்தாழ 50 நிமிடங்களுக்கு முன்பே இங்கு வந்துவிடுகிறான். ஆகவே பிள்ளைகளை எழுப்பிக் குளிப்பாட்டி, சலவைச் சட்டை அணிவித்துத் திடலுக்கு அனுப்பும் நம் தாய்மார்க்கு அன்று வெளிச்சத்திற்குக் குறைவில்லை. கொடி ஏறுகிறது. நாட்டுப்பண் ஒலிக்கிறது. இனிப்பு வழங்குகிறார்கள். நண்பகலுக்குள் யாவரும் வீடு திரும்பி, எஞ்சிய பொழுதை விடுமுறையாகக் கழிக்கிறோம். இதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. உழைப்பவனுக்கு ஓய்வு நாளும் ஒரு பேறுதான்.

பல ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு காலையில், கொடியேற்றம் முடிந்து நாங்கள் தேநீர் அருந்திக் கொண்டிருந்தோம். அன்று சொற்பொழிவாற்றிய பெரியவர், நாட்டுக்கு நன்றியுடையவர்களாய் இருங்கள் என்று இளைஞர்களைப் பலமுறை வற்புறுத்தியிருந்தார். தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு ஓர் இளைஞர் கேட்டார்: “ஐயா, என் தகப்பனார் இராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்து காட்டுக்குள் சாலை போட்டார். போட்ட சாலைக்குக் கூலி வாங்கினார். அந்தக் கூலியில் நான் படித்தேன். இதில் நாடு எனக்குச் செய்த நன்மை எது? கணக்குப் பார்த்தால் நாடல்லவா என் தகப்பனாருக்கு நன்றி சொல்ல வேண்டும்?”

பெரியவர் முகம் சுருங்கிற்று. இக்காலத்துப் பிள்ளைகள் இப்படித்தான் என்றார் ஒருவர். எனக்கோ அக்கேள்வியில் துடுக்குத்தனம் எதுவும் தோன்றவில்லை. தந்தையின் உழைப்பை மறவாத மகன் ஒருவனின் கேள்வி அது. தந்தைக்குச் செய்யும் செய்ந்நன்றியே அக்கேள்வியாக வெளிப்பட்டது. ஆயினும் அன்று எனக்கு விடை தெரியவில்லை. காலங் கடந்தேனும் அதனைத் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். இன்று நாம் ‘நன்றி’ என்று வாயால் கூறிவிட்டுக் கடந்து செல்கிறோம். பேருந்தில் சில்லறை தந்தவருக்கும் நன்றி, கூட்டத்தின் முடிவில் ஒலிபெருக்கி அமைத்தவருக்கும் நன்றி. பழந்தமிழில் அச்சொல்லின் பொருள் அதுவன்று. நன்றி என்றால் நன்மை. ஒருவர் செய்த நன்மையே செய்ந்நன்றி. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அவ்வதிகாரத்திற்கு அவர் இட்ட தலைப்பில் ‘கூறல்’ இல்லை. ‘அறிதல்’ என்றே இருக்கிறது. செய்த நன்மையை அறிவதுதான் அறம். வாயால் சொல்வது அதன் பின் வருவது, வராமலும் போகலாம். நம் முன்னோர் இதனை உணர்ச்சியின்பாற் படுத்தாமல் அறிவின்பாற் படுத்தியது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும். உணர்ச்சி ஒரு நாள் பொங்கி மறுநாள் அடங்கும். அறிவு அப்படிப்பட்டதன்று. எவர் செய்தார், என்ன செய்தார், எந்நிலையில் செய்தார் என்று அது கேட்கும்.

அப்படிக் கேட்கத் தொடங்கினால், ‘நாட்டுக்கு நன்றி’ என்னும் தொடர் சற்றுத் தடுமாறுகிறது. நாடு என்பது ஒரு மனிதரன்று. அதற்குக் கையில்லை, எவருக்கும் அது தண்ணீர் முகந்து கொடுத்ததில்லை. கொடுத்தவர்கள் மனிதர்கள். ஆகவே நாட்டுக்கு நன்றி என்பது பெயர் தெரிந்தும் தெரியாமலும் வாழ்ந்து மறைந்த மனிதர்களை அறிவதாகத்தான் இருக்க முடியும். மேடையில் நின்று வரைபடத்தை வணங்குவது எளிது. அவ்வரைபடத்துக்குள் இறங்கி நடப்பது கடினம்.

ஜனவரி 26 என்னும் நாளுக்கே ஒரு வரலாறு உண்டு. 1929 டிசம்பரில் லாகூரில் கூடிய காங்கிரஸ் மாநாடு முழு விடுதலையே குறிக்கோள் எனத் தீர்மானித்தது. அதன்படி 1930 ஜனவரி 26 விடுதலை நாளாகக் கொண்டாடப்பட்டது. விடுதலையோ இன்னும் 17 ஆண்டுகளுக்கு அப்பால் இருந்தது! கையில் இல்லாத ஒன்றுக்கு விழா எடுத்தார்கள். 1932-இல் அதே நாளில் சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் மூவண்ணக் கொடியை ஏற்றினார் ஆர்யா எனப்பட்ட பாஷ்யம், சிறை சென்றார். அதற்கு இரு வாரங்களுக்கு முன்புதான் கொடி பிடித்த கையோடு அடிபட்டுத் திருப்பூர்க் குமரன் உயிர் நீத்திருந்தார். ஒரு நாளைக் கொண்டாடுவதே குற்றமாக இருந்த காலம் அது.

நம் வ. உ. சிதம்பரனாரையே எடுத்துக் கொள்ளுங்கள். 1908 மார்ச் 9 அன்று விபின் சந்திர பாலர் சிறையிலிருந்து விடுதலையான நாளைத் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் கொண்டாட முனைந்ததும், அதனையொட்டிப் பேசியதும் அவரைக் கூண்டில் ஏற்றின. அவ்வாண்டு ஜூலையில் இரண்டு ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. தீவாந்தரம் என்று ஊரார் நடுங்கிய தண்டனை அது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோயம்புத்தூரிலும் கண்ணூரிலும் சிறையிருந்து 1912-இல் வெளிவந்தார். நம் தீவுகளை அவர் காணவே இல்லை. கோவையில் அவர் இழுத்த செக்கும், இங்கே செல்லுலார் சிறையில் கைதிகள் இழுத்த செக்கும் ஓர் ஆட்சியின் இரு கைகள். நாம் விடுமுறையாகக் கழிக்கும் ஒரு பகல் இத்தகைய மனிதர்களின் வாழ்நாளில் எத்தனை பகல்களுக்கு ஈடாயிற்று என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த நாளில் மீன் வாங்கச் செல்லும்போதும் கால் சற்று நிதானமாகவே நடக்கும்.

1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையைப் பார்க்காத பிள்ளை நம் வீடுகளில் இல்லை. நடுவில் ஒரு கோபுரம். அதிலிருந்து ஏழு சிறகுகள் விரிந்தன. இன்று எஞ்சியவை மூன்று. மற்றவை சில நிலநடுக்கத்தாலும் போர்க்காலத்தாலும், சில நாடு விடுதலை பெற்ற பின்னரும் இடிந்தன, இடிக்கப்பட்டன. அவ்விடத்தில் 1963-இல் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை எழுந்தது. நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் முதன்முதல் அழுதது அந்த மண்ணில்தான். சிறை இருந்த இடத்தில் மகப்பேறு நிகழ்வதைவிட நல்ல மாற்றம் வேறில்லை எனலாம். ஆயினும் எஞ்சிய சிறையும் போய்விடாதபடி குரல் எழுப்பியவர்கள் எவர்? அதே சிறையில் வாடிய முன்னாள் கைதிகள்! தம்மைப் பூட்டி வைத்த சுவர்களை இடிக்காதீர்கள் என்று அவர்களே வேண்டிக்கொள்ள நேர்ந்தது. 1979 பிப்ரவரி 11 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் அதனைத் தேசிய நினைவகமாக நாட்டுக்கு அளித்தார். 1933 உண்ணாநோன்பில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவர் உயிர் நீத்தனர். எஞ்சியிருந்த தோழர்கள் கேட்டது புகழை அன்று. அவர்கள் பட்டது அறியப்பட வேண்டும் என்பதையே.

அரசியல் கைதிகளை மட்டும் சொல்லி நிறுத்திக் கொள்வது நம் வழக்கம். அது அரைக் கணக்கு. சிறைக் கட்டடம் எழுவதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே, 1858 மார்ச் 10 அன்று 200 கைதிகளுடன் முதற்கப்பல் இங்கு வந்தது. அடுத்தடுத்து வந்தவர்களுள் 1857 எழுச்சியில் பங்கு கொண்டவர் உண்டு, கொலைஞரும் உண்டு, திருடரும் உண்டு. சங்கிலி பூட்டிய கால்களோடு காட்டை வெட்டியவர்கள், சதுப்பைத் தூர்த்தவர்கள், படகுத்துறை கட்டியவர்கள், பின்னாளில் சிறைக்கே செங்கல் சுமந்தவர்கள் அவர்களே. அவர்கள் நமக்காகச் செய்யவில்லை. சவுக்குக்கு அஞ்சிச் செய்தார்கள். எண்ணிச் செய்யாத நன்மைக்கு நன்றி கடமையாகுமா என்று நீதி நூல் வல்லார் வாதிடலாம். விரும்பிச் செய்தவர் தம் செயலிலேயே ஒரு மகிழ்ச்சியைப் பெற்றுவிடுகிறார். விலங்கு பூட்டிச் செய்விக்கப்பட்டவருக்கு அதுவும் இல்லை. ஆகவே அந்தக் கடன் இன்னும் பெரிது என்றே எனக்குப் படுகிறது. அவர்கள் வழித்தோன்றல்களை, 1942-க்கு முன் குடியேறியவர் என்னும் பொருளில் ‘ப்ரீ-42’ என்று இங்கே அழைக்கிறோம். பெரும்பாலும் அதன் பின்னர் வந்த நாம், அவர்கள் வெட்டிய பாதையில் நடந்துதான் அபர்தீன் கடைத்தெருவை அடைந்தோம்.

1942 மார்ச்சில் ஜப்பானியர் தீவைக் கைப்பற்றினர். 1943 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேயரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் மூவண்ணக் கொடியை ஏற்றினார். (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய ஊரைப் பழக்கத்தால் பழைய பெயராலேயே எழுதுகிறேன், பொறுத்தருள்க.) எத்துணைப் பெருமிதம் தரும் செய்தி! அதே நாளில், அதே ஊரில், செல்லுலார் சிறைக்குள் மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங் ஜப்பானியரின் வதைக்கு ஆளாகியிருந்தார். இந்திய விடுதலைக் கழகத்தின் இவ்வூர்க் கிளைக்குத் தலைமை தாங்கியவர் அவர். 1944 ஜனவரி 14 அன்று இறந்தார். அம்மாதம் 30-ஆம் நாள் ஹம்ஃப்ரிகஞ்சில் 44 இந்தியர்கள் ஒற்றர் என்ற பழியின்மேல் சுட்டுக் கொல்லப்பட்டனர். நேதாஜியின்மேல் குற்றம் சாட்ட இதனை எழுதவில்லை. கொடி ஏறும் திடலின் ஓசையில், சிறைக்குள்ளிருந்து எழும் குரல் கேளாமற் போகக்கூடும் என்பதற்காகவே எழுதினேன். வள்ளுவர் ‘அறிதல்’ என்றது இங்கும் பொருந்துகிறது.

இனி அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். அவர் தந்தை உழைத்தார், கூலி பெற்றார். கணக்கு நேராயிற்று என்பது அவர் வாதம். வங்கக் கடலைக் கடந்து கூலிக்குச் சென்ற தமிழர் இங்கு மட்டும் வரவில்லை. அதே கடலைக் கடந்து பர்மாவுக்குச் சென்றார்கள். நெல் அறுத்தார்கள், ரங்கூன் துறையில் மூட்டை சுமந்தார்கள். பாக் நீரிணையைக் கடந்து இலங்கை மலைகளில் கொழுந்து பறித்தார்கள். அவர்களும் உழைத்தார்கள், கூலி பெற்றார்கள். 1942-இல் போர் வந்தபோது பர்மாவிலிருந்து இலட்சக்கணக்கான இந்தியர் வெளியேறினர். காட்டு வழியே நடந்து வந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மாண்டனர். 1964-இல் கடைகள் அரசுடைமை ஆனபோது எஞ்சியவரிலும் பெரும்பகுதியினர் உடுத்த துணியோடு திரும்பினர். இலங்கையில் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை ஒரே நாளில் நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று செய்துகொண்ட சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக் கொள்ளலாம் என விட்டுவைத்தது. மனிதரைத் தேங்காய் எண்ணுவதுபோல் எண்ணிய உடன்படிக்கை அது. அவ்வாறு வந்தவர்களுள் சில குடும்பங்கள் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டன. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை அத்தீவையும் கொடுமையாகத் தாக்கியது.

கச்சாலிலிருந்து வந்த முதியவள் ஒருத்தியைப் பல ஆண்டுகளுக்கு முன் சந்தித்தேன். தகரப் பெட்டிக்குள் சேலைக்கு அடியில், துணியில் சுற்றிக் குடும்ப அட்டையையும் வாக்காளர் அட்டையையும் வைத்திருந்தாள். நகை எதுவும் அப்பெட்டியில் இல்லை. ஏன் பாட்டி இவ்வளவு பத்திரம் என்றதற்கு, “போ என்று சொல்ல மாட்டார்கள் என்பதற்கு இதுதானே ஐயா சாட்சி” என்றாள்.

அவள் சொன்னதே விடை. பர்மாவுக்குச் சென்ற கூலியாளுக்கும் அந்தமானுக்கு வந்த கூலியாளுக்கும் கடலில் வேற்றுமையில்லை, வியர்வையில் வேற்றுமையில்லை, கூலியிலும் பெரிதாக இருந்திராது. வேற்றுமை 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த ஒரு சட்டத்தில் இருக்கிறது. அரசமைப்பின் 19-ஆவது பிரிவு, இந்திய ஆட்சிப்பரப்பு எங்கும் தடையின்றிச் செல்லவும், எப்பகுதியிலும் தங்கிக் குடியிருக்கவும் குடிமகன் ஒவ்வொருவனுக்கும் உரிமை தருகிறது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இத்தீவுகளின் மக்கள் தொகை 3,80,581. அதில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் ராஞ்சியிலிருந்து வந்தவரும் நமக்கு அண்டை வீட்டார். எவரும் எவரையும் போ என்று சொல்வதற்கில்லை. அந்த உரிமையைக் கூலி கொடுத்து வாங்க முடியாது. செட்டியார்கள் பர்மாவில் எவ்வளவோ பொருள் வைத்திருந்தும் அதனை வாங்க முடியவில்லை. இளைஞரின் தந்தை ஈட்டிய கூலி அவருடையது. அக்கூலியில் கட்டிய வீடு மகனுக்கு நிலைத்தது, முன்பின் அறியாத பலர் பட்டதனால்.

நன்றி உடையவர் குறை கூறலாகாதா? அப்படி ஒரு கருத்து நம்மிடையே உலவுகிறது. சம்பளம் தரும் முதலாளியின்முன் பணிந்து நிற்கும் பழைய பழக்கம் அது. பொங்கலுக்கு ஊர் செல்லக் கப்பற் சீட்டுக்கு விடியற்காலையிலேயே வரிசையில் நிற்பவர் முணுமுணுக்கத்தான் செய்வார், முணுமுணுக்கட்டும். விருந்தாளிதான் குறை சொல்லாமல் உண்டு செல்வான். வீட்டுக்காரன் குழம்பில் உப்பில்லை என்றால் உரக்கச் சொல்வான். சீட்டு வரிசையில் உரக்கப் பேசும் நம் துணிவே, அந்த முதியவளின் தகரப் பெட்டியில் இருந்ததன் மற்றொரு வடிவம்.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் இக்கட்டுரை இனிமையாக முடிந்திருக்கும். ஆனால் அதே 19-ஆவது பிரிவை முழுதும் படிக்க வேண்டும். எங்கும் செல்லலாம், எங்கும் தங்கலாம் என்று சொன்ன அதே பிரிவு, அட்டவணைப் பழங்குடியினரின் நலன் காக்க அவ்வுரிமைக்குத் தக்க வரம்பு விதிக்கலாம் என்றும் சொல்கிறது. நமக்கு நன்மை செய்த சட்டமே, நம்மால் எவருக்குத் தீமை நேரக்கூடும் என்றும் அறிந்து வைத்திருக்கிறது. அதன் வழியே 1956-இல் இத்தீவுகளின் தொல்குடிகளைக் காக்கும் ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தது. பின்னர் ஜாரவாக்களின் காட்டைப் பிளந்து பெருஞ்சாலை சென்றது. அக்காட்டுப் பகுதியில் சாலையை மூட வேண்டும் என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இன்றும் அதில் வண்டிகள் காவலுடன் வரிசையாகச் செல்கின்றன. சாலை போட்டவர்களில் நம் தந்தையரும் இருந்தார்கள். கஞ்சிக்குப் போட்டார்கள், அவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்ல என் நா எழாது. ஆனால் அது எவருடைய காடு என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் எவரும் அவர்களை வைத்திருக்கவுமில்லை.

நாம் காய்கறி வாங்கும் அபர்தீனில் 1859 மே மாதம் அந்தமானியப் பெருங்குடியினர் வில்லும் அம்பும் கொண்டு ஆங்கிலேயரின் துப்பாக்கிகளை எதிர்த்துப் போரிட்டனர். தோற்றனர். போரினும் கொடியவை பின்னர் வந்த நோய்கள். 1858-இல் ஆயிரக்கணக்கில் இருந்த அம்மக்கள் 1961-இல் 19 பேராகச் சுருங்கினர். அவர்களுள் பத்துக் கிளைகள் உண்டு. அவற்றில் ஒன்று ‘போ’. அதன் மொழியைப் பேசிய கடைசி மனிதர் மூத்த போவா என்னும் மூதாட்டி. ஆழிப்பேரலைக்கும் தப்பியவர். தம் மொழியில் மறுமொழி கூற எவரும் இல்லாமையால், பிறரிடம் இந்தியிலேயே பேசினார். பறவைகளோடு மட்டும் தம் மொழியில் பேசுவார் என்று அவருடைய மொழியைப் பதிவு செய்த அறிஞர் அன்விதா அப்பி சொல்லியிருக்கிறார். அம்மூதாட்டி மறைந்த நாள் 2010 ஜனவரி 26.

ஆம், குடியரசு நாள். அன்று காலையும் நாம் கொடியேற்றினோம், நாட்டுப்பண் பாடினோம், பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்தோம். அதே நாளில் இந்த மண்ணில் ஒரு மொழி மூச்சு விட்டது. தமிழ் வாழ்க என்று சுவரில் எழுதுகிறவர்கள் நாம். தாய்மொழி இறப்பது என்றால் என்ன என்று நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. சில நாட்கள் கழித்துச் செய்தித்தாளில் அதனைப் படித்தபோது, என் வீட்டுத் திண்ணையில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். நாம் இம்மண்ணில் இருப்பதற்கு எவர் எவரெல்லாம் விலை தந்தார்கள் என்று நான் எழுதி வைத்திருந்த பட்டியலில், அந்தப் பெயர் அதுவரை இல்லை.

சென்ற ஆண்டு ஹாடோ துறையில் அந்தப் பழைய இளைஞரைக் கண்டேன். அவர் தலையும் நரைத்துவிட்டது, தந்தையார் காலமாகிவிட்டாராம். பக்கத்தில் மகள். தாத்தா போட்ட சாலையைக் காட்டுவதற்காக அவளைப் பேருந்தில் அழைத்துச் சென்றதாகச் சொன்னார். ஜிர்காடாங்கில் வண்டிகளை எல்லாம் நிறுத்தியபோது, ஏன் அப்பா இங்கே நிற்கிறோம் என்று அவள் கேட்டாளாம். “இனிமேல் வருவது வேறொருவர் வீடம்மா, அவர்கள் வீட்டுக்கு நடுவேதான் உன் தாத்தா சாலை போட்டார்” என்று சொன்னாராம். அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் காடு முடியும்வரை சன்னலோரத்தில் பேசாமல் இருந்தாள் என்றார்.

அதன்பின் கப்பற் சீட்டுக் கிடைக்காத கதையைப் பேசத் தொடங்கினோம். அது நெடுநேரம் நீண்டது.